அரசின் கையில் கெட்டுப்போன, காணாமல்போன பொருளுக்கு இழப்பீடு கேட்பது எப்படி?

காவல் நிலைய வளாகத்தில் மாதக்கணக்கில் மழையில் நனைந்து துருப்பிடித்த பைக். சாலை விரிவாக்கத்துக்கு வந்த இயந்திரம், குறியிட்ட எல்லையைத் தாண்டி இடித்துத் தள்ளிய சுற்றுச்சுவர். சோதனையில் எடுத்துச் செல்லப்பட்டு, வழக்கு முடிந்து கேட்கப்போனால் "தேடிப் பார்க்கிறோம்" என்று பதில் வரும் நகை. இப்படி ஒன்று நடந்ததும் அக்கம்பக்கத்தார் சொல்வது, "அரசாங்கத்தை எதிர்த்து என்ன செய்ய முடியும்?" என்பதுதான்.

செய்ய முடியும். இப்படிப்பட்ட கோரிக்கைகள் பெரும்பாலும் சட்டம் இல்லாததால் தோற்பதில்லை. முதல் வாரத்தில் எடுக்க வேண்டிய காகிதத்தை எடுக்காததாலும், கெடு முடிந்த பிறகு வழக்கறிஞரைத் தேடிப் போவதாலும்தான் தோற்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்து, சட்டம் படிக்காதவரும் பின்பற்றும்படி இதை எழுதுகிறேன்.

அரசைக் கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது?

அரசியலமைப்பின் 300-ஆவது பிரிவு, அரசின் மீது வழக்குத் தொடரலாம் என்கிறது. 300-ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது. ஆனாலும் அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் இன்றும் ஒரு பழைய தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள். அதை நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

1947 செப்டம்பரில் மீரட் நகருக்கு வந்த ஒரு நகை வியாபாரியைக் காவலர்கள் பிடித்து, அவரிடமிருந்த தங்கத்தையும் வெள்ளியையும் கைப்பற்றினார்கள். வெள்ளி திரும்பி வந்தது. நூறு தோலாவுக்கும் மேற்பட்ட தங்கம் வரவில்லை. காவல் நிலையப் பொருள் அறைக்குப் பொறுப்பான தலைமைக் காவலர் அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். கஸ்தூரிலால் வழக்கு என்று அறியப்படும் இதில், கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் இறையாண்மைச் செயல்கள் (அரசு மட்டுமே செய்யக்கூடிய ஆட்சிச் செயல்கள்), ஆகவே ஊழியரின் தவறுக்கு அரசு பொறுப்பாகாது என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடந்தது அநீதி என்பதை நீதிபதிகளே உணர்ந்து, இதற்கென ஒரு சட்டம் வேண்டும் என்றும் எழுதினார்கள். மசோதாக்கள் வந்தன, காலாவதியாயின. அந்தச் சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை.

ஆனால் நீதிமன்றங்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. 1967-இல், ஜூனாகத் சுங்க அதிகாரிகள் கைப்பற்றிய லாரிகள் தொடர்பான வழக்கில், கைப்பற்றிய பொருள் அரசிடம் அடைக்கலமாக இருக்கும் பொருள், திருப்பித் தர வேண்டிய நிலை வந்தால் பொருளைத் தர வேண்டும், இல்லையேல் அதன் மதிப்பைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1977-இல் கர்நாடக வழக்கு ஒன்றில், திருட்டுப்போன நகைகள் மீட்கப்பட்டுக் காவல் நிலையப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன. பிறகு திறந்து பார்த்தபோது உள்ளே கற்கள்தான் இருந்தன. நகைக்குச் சொந்தக்காரரான பெண்ணுக்கு 10,000 ரூபாய் தர உத்தரவானது. 1994-இல் நாகேந்திர ராவ் வழக்கில், ஆந்திர அதிகாரிகள் பறிமுதல் செய்த உரம், விடுவிக்கச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் தராமல் இழுத்தடித்ததால் கெட்டுப்போனது. சட்டப்படி பறிமுதல் செய்தோம் என்பதால் கவனக்குறைவுக்கான பொறுப்பு போய்விடாது என்று சொல்லி, வியாபாரிக்கு இழப்பீட்டை உறுதிசெய்தது உச்ச நீதிமன்றம்.

இவற்றிலிருந்து உங்களுக்கு வேண்டிய கருத்து இதுதான்: பறிமுதல் சரியா தவறா என்பது ஒரு கேள்வி, எடுத்த பொருளைப் பத்திரமாக வைத்திருந்தார்களா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

முதல் படி: யார் செய்தது?

உங்கள் பொருளைக் கெடுத்தது யார் என்பதைப் பொறுத்துத்தான் எந்த அலுவலகத்துக்கு எழுதுவது, எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதெல்லாம் அமையும். காவல் துறை, வருவாய்த் துறை, நெடுஞ்சாலைத் துறை, நீர்வளத் துறை போன்றவை மாநில அரசு. சுங்கம், வருமான வரி முதலியவை மத்திய அரசு. நகராட்சி, மாநகராட்சி, மின் வாரிய நிறுவனம், அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆகியவை தங்கள் பெயரிலேயே வழக்குத் தொடரப்படக்கூடிய தனி அமைப்புகள். வேலை செய்தவர் ஒப்பந்ததாரராக இருந்தால் அவர் பெயரையும், பணியிடத்தில் நட்டிருக்கும் பலகையில் உள்ள பணியின் பெயரையும் படம் எடுத்து வையுங்கள். துறையும் ஒப்பந்ததாரரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதே வழி.

ரயில்வே தனி உலகம். பார்சலாகவோ சரக்காகவோ பதிவுசெய்து அனுப்பிய பொருள் போய்விட்டால், நீங்கள் அதை ரயில்வேயிடம் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ரயில்வேக்கு எழுத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். வழக்கு ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் நடக்கும். மின்னழுத்தம் திடீரென ஏறி ஃபிரிட்ஜும் டிவியும் எரிந்துபோனால் நுகர்வோர் ஆணையம்தான் எளிய வழி: இரண்டு ஆண்டுக் கெடு, மின்சாரத்துக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. கீழே வருவது பெரும்பாலும் மாநில அரசுத் துறைகளைப் பற்றியது.

இரண்டாம் படி: நடந்த அன்றே சாட்சியத்தைச் சேர்ப்பது

பொருளை எடுக்கும்போது நீங்கள் அங்கே இருந்தால், கைப்பற்றுதல் மகசரின் (எடுத்த பொருளைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவின்) நகலைக் கேட்டு வாங்குங்கள். வீட்டையோ கடையையோ சோதனையிட்டால், எடுத்த பொருட்களின் பட்டியலைச் சாட்சிகளின் கையெழுத்துடன் உங்களுக்குத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அனுப்பச் சொல்கிறது. அந்தப் பதிவு இருக்கிறதா என்று பிற்பாடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மகசரில் என்ன எழுதுகிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். நகையை "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி ஒன்று" என்று மட்டும் எழுதுவது வழக்கம். எடை இல்லை, கொக்கியின் வடிவம் இல்லை, ஹால்மார்க் எண் இல்லை. இப்படி எழுதிய சங்கிலிக்குப் பதில் நாளைக்கு வேறொரு சங்கிலி வந்தால் நீங்கள் எதை வைத்துப் பேசுவீர்கள்? எடையையும் நகையில் பொறித்துள்ள ஆறு எழுத்து-எண் அடையாளக் குறியீட்டையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், அன்றைக்கே அந்த விவரங்களைக் கடிதமாக எழுதி, காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கடிதத்தில் விழும் தேதி முத்திரை பின்னால் உங்களுக்காகப் பேசும்.

வண்டி என்றால், அது நிறுத்தப்பட்ட இடத்திலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஓடிய கிலோமீட்டர் காட்டும் மீட்டர், சேசிஸ் எண், பேட்டரியின் பிராண்டும் வரிசை எண்ணும், டயரின் தேய்மானம், கண்ணாடிகள், சீட் உறை, பெட்ரோல் மூடி எல்லாம் படத்தில் இருக்கட்டும். வளாகத்துக்குள் படம் எடுக்க விடவில்லை என்றால், வண்டியைக் கொண்டுபோன நாளுக்கு முன்பு சர்வீஸ் செய்த ரசீதுகளும் பழைய படங்களும் உதவும்.

சுவர், வீடு, பயிர் என்றால் அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் முறையிட்டு, இடத்தைப் பார்த்து அறிக்கை தரக் கேளுங்கள். வாய்க்கால் கரை உடைந்து வயல் மூழ்கினால் உடைப்பின் அகலத்தையும் மண் படிந்த பரப்பையும் பதிவுசெய்யுங்கள். 1964-இல் முடிந்த பஞ்சாப் கால்வாய் வழக்கு ஒன்றில், நன்றாகப் பராமரிக்கும் கரை சாதாரணமாக உடையாது, உடைந்தால் அரசுதான் விளக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. விவசாயிகளுக்கு இது பெரிய பிடிமானம்.

மூன்றாம் படி: பொருளை முதலில் வெளியே எடுங்கள்

இழப்பீடு பிறகு. பொருள் காவல் நிலையத்தில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் அதன் மதிப்பு குறைகிறது. வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தக் காவல் நிலையம் யாருடைய எல்லைக்குள் வருகிறதோ அந்த நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில், பொருளை இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரி மனுப் போடுங்கள். பொருள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தால் மேலே சொன்ன சன்ஹிதாவின் 497-ஆவது பிரிவு. கைப்பற்றியதாக நடுவருக்குத் தெரிவித்துவிட்டு இன்னும் நேரில் ஒப்படைக்கவில்லை என்றால் 503. பழைய சட்டத்தில் 451, 457 என்று இருந்தவை இவை.

சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய பொருட்களைக் காவல் நிலையத்தில் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. புதிய சட்டம் இன்னும் தெளிவாக, பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாளுக்குள் விவரப் பட்டியல், படம், அதன்பின் 30 நாளுக்குள் உத்தரவு என்று கெடு வைத்திருக்கிறது. மனுவில் இவ்விரண்டையும் குறிப்பிடுங்கள்.

வண்டிக்கு ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், அடையாள அட்டை, பிணைப்பத்திரம் தேவைப்படும். விற்க மாட்டேன், நிறத்தை மாற்ற மாட்டேன், கேட்டபோது கொண்டுவருவேன் என்ற நிபந்தனைகள் இருக்கும். மதுவிலக்கு, மணல், வன வழக்குகளில் பிடிபட்ட வண்டிகளுக்குத் தனிச் சட்டங்களின்படி பறிமுதல் நடவடிக்கை நடக்கும். அங்கே நேராக நடுவரிடம் போனால் மனு திரும்பி வரக்கூடும், வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

இந்தப் படியில் ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் இழக்கும் இடம் ஒன்று உண்டு. நீதிமன்ற உத்தரவோடு நிலையத்துக்குப் போகிறீர்கள். எழுத்தர் பதிவேட்டைத் திறந்து, "மேற்படி வாகனத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று ஏற்கெனவே எழுதிய வரிக்குக் கீழே விரலை வைத்து, கையெழுத்துப் போடச் சொல்வார். வண்டி கிடைத்தால் போதும் என்ற நினைப்பில் பலரும் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரி பின்னால் உங்கள் வழக்கையே கொன்றுவிடும். முதலில் வண்டியைப் பாருங்கள். "பேட்டரி இல்லை, இரண்டு கண்ணாடிகளும் இல்லை, சீட் கிழிந்துள்ளது, என்ஜின் இயங்கவில்லை; ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையாலேயே எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். அப்படி எழுத விடவில்லை என்றால் வாங்காமல் வந்து, அன்றே நடுவர் நீதிமன்றத்தில் அதை எழுத்தில் தெரிவியுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் நேராக மெக்கானிக் கடைக்குப் போய்த் தேதியுள்ள எஸ்டிமேட் வாங்குங்கள். வீட்டில் நிறுத்தி ஒரு வாரம் கழித்து வாங்கிய எஸ்டிமேட்டை "வீட்டில்தான் கெட்டது" என்று சொல்லிவிடுவார்கள்.

பொருளே இல்லை என்றால், அந்த நடுவரிடமே அதன் மதிப்பைத் தர உத்தரவிடக் கேட்கலாம். மேலே சொன்ன கர்நாடக நகை வழக்கில் தொகை கிடைத்தது இந்த வழியில்தான். தனி உரிமையியல் வழக்கு வேண்டியிருக்கவில்லை.

நான்காம் படி: தொகையைக் கணக்கிடுவது

கோபத்தில் பெரிய தொகையைக் கேட்காதீர்கள். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணமும் உயரும். தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கு இது 3 சதவீதம். பழுதுபார்க்கும் செலவு, பழுதுபார்த்த பிறகும் குறையும் மதிப்பு, பொருள் கையில் இல்லாத காலத்தில் உண்மையாக ஆன செலவு அல்லது இழந்த வருமானம் என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். ஆட்டோ ஓட்டுபவருக்கு அந்த நாட்களின் வருமான இழப்பு, வண்டியின் பழுதைவிடப் பெரியதாக இருக்கும். வங்கிக் கணக்கு, கடன் தவணைச் சீட்டு, சங்க உறுப்பினர் அட்டை எல்லாம் அதற்குச் சான்று. கட்டடத்துக்குப் பதிவுபெற்ற பொறியாளரின் மதிப்பீடு வாங்குங்கள். நகைக்கு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர்.

ஐந்தாம் படி: தகவல் உரிமை மனு

பத்து ரூபாய்க் கட்டணத்தில், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள்: குறிப்பிட்ட குற்ற எண்ணில் கைப்பற்றிய பொருட்களின் பட்டியல், பொருள் எந்தத் தேதியில் படிவம் 95-இன்படி நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது, அதுவரை யாருடைய பொறுப்பில் இருந்தது. சாலைப் பணி என்றால் பணியாணை, நில அளவை வரைபடம், எல்லைக் குறியீடு. "ஏன்", "எதற்காக" என்று கேட்காமல், இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள், பதிவு எண் வாங்குங்கள். ஆனால் அங்கிருந்து பதில் வரட்டும் என்று கெடுவைக் கடந்துவிடாதீர்கள்.

கெடு

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பண வழக்கு என்றால் மூன்றாண்டு என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 72-ஆவது இனம், சட்டத்தைப் பின்பற்றிச் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கோ செய்யத் தவறியதற்கோ இழப்பீடு கேட்க ஓராண்டுதான் தருகிறது. பொருட்களைச் சட்ட ஆணையின் பேரில் தவறாகக் கைப்பற்றியதற்கும் ஓராண்டு. உங்கள் வழக்கு எந்த இனத்தில் வரும் என்று நீதிமன்றத்தில் வாதம் நடக்கும். அந்த வாதத்தில் நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம். சம்பவம் நடந்த முதல் தேதியை வைத்து ஓராண்டு என்றே நாட்காட்டியில் குறியுங்கள். அலுவலரைத் தனிப்பட்ட முறையில் எதிர்த்தரப்பாக்கினால் சில சட்டங்களில் இன்னும் குறுகிய கெடு உண்டு.

ஆறாம் படி: 80-ஆவது பிரிவு அறிவிப்பு

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி, அரசின் மீது உரிமையியல் வழக்குப் போடும் முன், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மாநில அரசுக்கு என்றால் அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ. மத்திய அரசுக்கு அதன் செயலாளருக்கு. ரயில்வேக்குப் பொது மேலாளருக்கு. கெடுவைக் கணக்கிடும்போது இந்த இரண்டு மாதம் சேர்க்கப்படாது, ஆகவே அறிவிப்புக் கொடுப்பதால் நாள் நஷ்டமில்லை. உடனடித் தடை வேண்டும் என்றால் மட்டும், நீதிமன்றத்தின் அனுமதியோடு அறிவிப்பில்லாமல் போகலாம். உள்ளாட்சிகளுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது; அவற்றின் சொந்தச் சட்டத்தில் தனி அறிவிப்பு விதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அறிவிப்பில் உங்கள் பெயர், முகவரி, என்ன நடந்தது, என்ன கேட்கிறீர்கள் ஆகியவை கட்டாயம். இந்த அளவு போதும்:

"எனக்குச் சொந்தமான, மேற்கண்ட பதிவு எண் கொண்ட இருசக்கர வாகனம், மேற்படி குற்ற எண் வழக்கில் கைப்பற்றப்பட்டு நிலைய வளாகத்தில் வைக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவின்படி ஒப்படைக்கப்பட்டபோது இணைப்புப் பட்டியலில் கண்ட பாகங்கள் இல்லை, என்ஜின் பழுதாகியிருந்தது. அரசின் பொறுப்பில் இருந்த காலத்தில் போதிய கவனம் எடுக்காததால் எனக்கு ஏற்பட்ட இழப்பு ரூபாய் இவ்வளவு. இந்த அறிவிப்புக் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் அத்தொகையையும், அறிவிப்புத் தேதியிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டியையும் வழங்கக் கோருகிறேன். தவறினால் தமிழ்நாடு அரசின் மீது உரிமையியல் வழக்குத் தொடர்வேன்."

வட்டி வரியை விட்டுவிடாதீர்கள். வழக்குப் போடும் முந்தைய காலத்துக்கு வட்டி கிடைக்க, 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டத்தின்படி எழுத்தில் முன்பே கேட்டிருக்க வேண்டும். ஒப்புகை கிடைக்கும் முறையில் அஞ்சலில் அனுப்பி, ஒரு நகலை ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து முத்திரையும் வாங்குங்கள். இரண்டு மாதம் முடியும் முன் போட்ட வழக்கு அந்தக் காரணத்துக்காகவே தள்ளுபடியாகும். கடைசி நாள் என்றைக்கு என்று அஞ்சல் ஒப்புகையைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

ஏழாம் படி: வழக்கு

வழக்கில் எதிர்த்தரப்பு "தமிழ்நாடு அரசு, மாவட்ட ஆட்சியர் வழியாக" என்று இருக்க வேண்டும். காவல் ஆய்வாளர் பெயரை மட்டும் போட்டு அரசைச் சேர்க்காமல் விட்டால் தொகையை யாரிடம் வசூலிப்பது? வழக்குரையில் அறிவிப்புக் கொடுத்ததைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான அடிப்படையில். வட்டச் சட்டப் பணிகள் குழு அந்தந்த நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி 15100. வழக்கறிஞர், நீதிமன்றக் கட்டணம் இரண்டும் அதில் அடங்கும். தகுதி உள்ள பெண்கள்கூட இதைக் கேட்காமல் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

வீட்டை இடித்துவிட்டால்

இங்கே உரிமையியல் வழக்குக்குக் காத்திராமல் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சென்னையிலோ மதுரைக் கிளையிலோ அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு (அரசுக்கு நேரடியாக ஆணையிடக் கேட்கும் மனு). 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வகுத்த நெறிமுறைப்படி, 15 நாள் அறிவிப்பு, நேரில் விளக்கம் தரும் வாய்ப்பு, இடிப்பதன் வீடியோப் பதிவு எல்லாம் வேண்டும். மீறிய அதிகாரி தன் சொந்தச் செலவில் ஈடுசெய்ய வேண்டும். பொதுச் சாலை, நடைபாதை, நீர்நிலை ஆகியவற்றின் மேல் உள்ள கட்டடங்களுக்கு இந்த நெறிமுறை பொருந்தாது. ஆனால் அரசு நிலத்திலிருந்து வெளியேற்ற 1905-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. அந்தத் தாள் உங்களுக்கு வந்ததா என்பதே முதல் கேள்வி.

உத்தரப் பிரதேசத்தின் மகராஜ்கஞ்சில் 2019-இல் சாலை விரிவாக்கத்துக்காக இடிக்கப்பட்ட வீட்டுக்கு 2024-இல் 25 லட்சம் ரூபாயும், பிரயாக்ராஜில் இடிக்கப்பட்ட வீடுகளுக்கு 2025 ஏப்ரலில் தலா 10 லட்சமும் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டுக்கு உள்ளே இருந்த கட்டில், பீரோ, பாத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் பட்டியலை அன்றைக்கே எழுதி, இரண்டு அயலவரின் கையெழுத்து வாங்குங்கள். கட்டடத்தின் மதிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து, இவற்றை மறந்துவிடுகிறோம்.

என்ன நடந்தது என்பதிலேயே தகராறு இருந்தால் உயர் நீதிமன்றம் உங்களை உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லும். ஆகையால் ரிட் நிலுவையில் இருக்கும்போதே 80-ஆவது பிரிவு அறிவிப்பையும் அனுப்பிவிடுவது நல்லது.

தீர்ப்பு வந்த பிறகு

அரசுக்கு எதிரான தீர்ப்பாணையை உடனே நிறைவேற்றக் கேட்க முடியாது. மூன்று மாதம் அவகாசம் உண்டு. தீர்ப்பின் சான்றளித்த நகலை எடுத்து, வங்கிக் கணக்கு விவரத்துடன் ஆட்சியருக்கும் துறைத் தலைவருக்கும் அனுப்புங்கள். மேல்முறையீடு செய்தார்களா, தடையாணை வாங்கினார்களா என்று நீதிமன்றங்களின் இணையதளத்தில் வழக்கு எண்ணை வைத்துப் பாருங்கள். தடை இல்லாமல் மூன்று மாதம் கடந்துவிட்டால், தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே நிறைவேற்று மனுப் போடலாம். துறையின் வாகனத்தையோ அலுவலகப் பொருட்களையோ ஜப்தி செய்யக் கோரும் மனு எண்ணிடப்பட்டதும், அதுவரை நகராத கோப்பு பெரும்பாலும் நகரத் தொடங்கும்.